இரத்தத்தில் புற்றுசெல் தேடல்: கார்பன் டாட் போட்டா வெள்ளணு எல்லாமே நீலமா மின்னுது, எங்க தப்பு?

நாரோயில் நானோ எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட். இரத்தத்துல ஓடுற புற்றுசெல்லை ஒளிரும் நானோ துகள் ஒட்டி மைக்ரோஸ்கோப்ல காட்டணும். செஞ்சதை அப்படியே எழுதுறேன், கோளாறு எங்கன்னு சொல்லுங்க.

துகளுக்கு கார்பன் டாட் (ஒளிரும் சின்னக் கார்பன் துகள்) செஞ்சேன்: சிட்ரிக் அமிலம் 1.05 கிராம், எத்திலீன்டையமின் 335 மைக்ரோலிட்டர், தண்ணி 10 மில்லி. டெஃப்லான் ஆட்டோகிளேவ்ல 200 டிகிரி, 5 மணி நேரம். 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சாச்சு. 360 நானோமீட்டர்ல தூண்டினா 445 பக்கம் நல்ல நீலம். புற்றுசெல்லைப் பிடிக்கிற கொக்கியா அதுல ஃபோலிக் அமிலத்தை இ.டி.சி. (ரெண்டை இணைக்கிற வேதிப்பொருள்) போட்டு பி.பி.எஸ்.ல (பாஸ்ஃபேட் உப்பு பஃபர்) ராத்திரி முழுக்க கலக்கி ஒட்ட வச்சேன்.

ஆரோக்கியமானவங்க இரத்தம் 2 மில்லி (எதிக்ஸ் அனுமதி இருக்கு), அதுல எம்.சி.எஃப்-7 (மார்பகப் புற்று) செல் சுமார் 100 சேர்த்தேன். செல் வளர்த்தது ஆர்.பி.எம்.ஐ. 1640 வளர்ப்பு ஊடகத்துல. கார்பன் டாட் போட்டு 37 டிகிரியில 1 மணி நேரம், பிறகு அமோனியம் குளோரைடு பஃபர்ல சிவப்பணுவை 10 நிமிஷம் உடைச்சேன். நியூக்ளியஸுக்கு டாபி சாயம். மைக்ரோஸ்கோப்ல டாபி (நீலம்), எஃப்.ஐ.டி.சி. (பச்சை), டிரிட்சி (ஆரஞ்சு-சிவப்பு) மூணு ஃபில்டர் செட்தான் உண்டு.

பாத்தா எல்லா வெள்ளணுவும் நீலம். எம்.சி.எஃப்-7 எதுன்னே தெரியல. நைட்ரஜனோட சல்ஃபரும் சேர்த்து டாட்டை இன்னும் பிரகாசமாக்கினா சரியாகுமா? இல்லேன்னா நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல அருமண் தனிமம் கிடக்குல்லா, அதை வச்சு அப்கன்வெர்ஷன் துகள் (அகச்சிவப்பு வாங்கி கண்ணுக்குத் தெரியிற ஒளி தர்றது) செய்யலாம்னு ஒருத்தர் சொன்னார். அது நடக்குமா?

வேளிமலை எழுதியது:

மக்கா, பிரகாசத்தைக் கூட்டினா வெள்ளணுவும் சேர்ந்துதான் பிரகாசமாகும். உனக்குக் குறையுறது வெளிச்சம் இல்ல, வித்தியாசம். முதல்ல கணக்கைப் பாரு. 1 மில்லி இரத்தத்துல சிவப்பணு ஏறக்குறைய 500 கோடி, வெள்ளணு 70 லட்சம் வாக்குல. உன் 2 மில்லியில வெள்ளணு 1.4 கோடி, நீ போட்டது 100 செல். 1,40,000-க்கு ஒண்ணு. வெள்ளணுல வெறும் 0.1 சதவீதம் தப்பா ஒளிர்ந்தாலும் 14,000 பொய்ப் புள்ளி வரும். அதுக்குள்ள 100 நிஜத்தை எப்படித் தேடுவ? கட்டுரைகள்ல அழகா மின்னுற படம் பாதிக்கும் மேல தட்டுல வளர்த்த செல்லு, அங்க வெள்ளணுவே கிடையாது.

உன் முறையில நாலஞ்சு ஓட்டை இருக்கு.

நீலம்தான் பெரிய தப்பு. டாபியும் நீலம், உன் டாட்டும் நீலம், ரெண்டும் ஒரே ஃபில்டர்ல வருது. டாபி போட்ட ஸ்லைடுல எல்லா நியூக்ளியஸும் நீலமாத்தானே இருக்கும்? போதாக்குறைக்கு செல்லுக்குள்ள இயல்பாவே இருக்கிற என்.ஏ.டி.ஹெச்.ங்கற மூலக்கூறு 340-360ல தூண்டினா 450-460ல தானே ஒளிரும். கழுவாம மிச்சம் நிக்கிற ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர்ல கடுமையா உறிஞ்சும். உன் தூண்டுற ஒளியையும் வர்ற ஒளியையும் அதுவே தின்னுடும்.

ரெண்டாவது, உன் குப்பியில ஒளிர்றது டாட்தானா? சிட்ரிக் அமிலம்-எத்திலீன்டையமின் சமையல்ல ஐ.பி.சி.ஏ.ன்னு 180 டால்டன் எடையுள்ள சின்ன மூலக்கூறு உருவாகும், அதுவே பளிச்சுன்னு நீலமா ஒளிரும். 0.22 மைக்ரான் ஃபில்டர் அதைப் பிடிக்காது. 1 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில 48 மணி நேரம், 6 மணிக்கொரு தரம் தண்ணி மாத்தணும். வெளித் தண்ணியில 365 டார்ச் அடிச்சுப் பாரு; நீலம் நிக்கிற வரைக்கும் விடாத. பைக்குள்ள கடைசியில கொஞ்சம்தான் மிஞ்சும், அதைப் பாத்துப் பதறாண்டாம்.

மூணாவது ஃபோலிக் அமிலம். வெளிச்சத்துல வச்சா அது உடைஞ்சு டெரின் வகைப் பொருளாகும், அதுவும் 450 பக்கம் நீலம். ராத்திரி முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழ கலக்கினா ஒட்டாத ஃபோலிக்கே உனக்கு சிக்னல் தரும். ஃபாயில் சுத்தி வை. ஒட்டாததைக் கழிக்க வெறும் தண்ணியில டயாலிசிஸ் பண்ணினா சரியாப் போகாது, அது தண்ணியில கரையத் தயங்கும். முதல்ல பி.ஹெச். 8 பைகார்பனேட்டுல, அப்புறம் தண்ணியில.

நாலாவது செல் தேர்வு. எம்.சி.எஃப்-7ல ஃபோலேட் ஏற்பி குறைவு. அதையும் ஆர்.பி.எம்.ஐ.ல வளர்த்திருக்க, அதுல லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டு, இருக்கிற ஏற்பியும் அடைஞ்சு போச்சு. ஃபோலேட்தான் வேணும்னா ஹீலா (கர்ப்பப்பை வாய்ப் புற்று) செல் எடு, ஃபோலேட் இல்லாத ஆர்.பி.எம்.ஐ.ல ரெண்டு வாரமாவது வளத்து வை. ஏ549 (நுரையீரல் புற்று) செல் எதிர்க் கட்டுப்பாட்டுக்கு, அதுல ஏற்பி கிட்டத்தட்ட இல்ல. ஆனா இரத்தத்துக்கு ஃபோலேட்டே நல்ல கொக்கி இல்லங்கது என் கருத்து. மோனோசைட் (ஒரு வகை வெள்ளணு) வம்சத்துல ஃபோலேட் ஏற்பி பீட்டா உண்டு.

அஞ்சாவது, 37 டிகிரி 1 மணி நேரம். நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் துகளைக் கண்டா விழுங்குற ஜாதி. நீ சூடாக்கி, நேரமும் குடுத்து, பந்தியில உக்கார வச்சிருக்க. 4 டிகிரியில 30 நிமிஷம் வை. ஒட்டுறது ஒட்டும், விழுங்குறது நிக்கும்.

அடுத்ததுல என்ன செய்யணும்னு தனியா எழுதுறேன்.

வேளிமலை எழுதியது:

ஃபோலேட்டை விட்டு எப்கேம் (எபிதீலியல் செல் மேல இருக்கிற புரதம்) ஆன்டிபாடிக்கு மாறு. எம்.சி.எஃப்-7ல எப்கேம் ஏராளம், வெள்ளணுல அநேகமா இல்ல. துகளுக்கு ருத்தீனியம் பைபிரிடில் சாயம் அடைச்ச சிலிக்கா போதும். 450ல தூண்டினா 600 பக்கம் ஆரஞ்சு-சிவப்பு ஒளிரும். இடைவெளி 150 நானோமீட்டர், உன் மைக்ரோஸ்கோப்புக்குத் தோதானது. எஃப்.ஐ.டி.சி. செட்ல தூண்டுற ஃபில்டரையும் டைக்ரோயிக் கண்ணாடியையும் அப்படியே விட்டுட்டு, வெளி ஃபில்டரை மட்டும் 590 லாங்பாஸா (590-க்கு மேல உள்ள ஒளியை மட்டும் விடுறது) மாத்து. ஒரு ஃபில்டர் செலவோட முடிஞ்சுது.

செய்முறை: சைக்ளோஹெக்சேன் 7.5 மில்லி, டிரைட்டான் எக்ஸ்-100 1.77 மில்லி, ஹெக்சனால் 1.8 மில்லி, தண்ணி 400 மைக்ரோலிட்டர், 0.1 மோலார் சாயக் கரைசல் 80 மைக்ரோலிட்டர். தெளிவான ஒரே கரைசலா வரணும். கலங்கலா இருந்தா அளவு பிசகியிருக்கு, மேல போகாத. சிலிக்கா தர்ற டி.ஈ.ஓ.எஸ். 100 மைக்ரோலிட்டர், அரை மணி கழிச்சு அமோனியா 60 மைக்ரோலிட்டர், 24 மணி நேரம் கலக்கு. சுமார் 60 நானோமீட்டர் துகள் வரும். அமோனியா பாட்டில் அடிக்கடி திறந்து பழசானா சக்தி போயிருக்கும், துகள் சரியா வராது. அசிட்டோன் ஊத்தி உடைச்சு, 10,000 ஜியில இறக்கி, எத்தனால்ல நாலு தரம் கழுவு. டிரைட்டான் மிச்சம் இருந்தா செல் சவ்வையே கரைச்சுப் போடும், அப்புறம் செல் செத்துச்சுன்னு ஆன்டிபாடியைக் குறை சொல்லிட்டு இருப்ப.

மேற்பரப்புக்கு வெறும் ஏப்டெஸ் (அமீன் உள்ள சிலேன்) மட்டும் போடாத. அமீன் நேர் மின்னூட்டம், சிலிக்கா எதிர்; ரெண்டும் ஈடாகி பி.ஹெச். 7ல துகள் கட்டி தட்டிடும். பாஸ்ஃபோனேட் சிலேனையும் சேர்த்துப் போட்டா விலகி நிக்கும். அமீன் வெளிய தெரிஞ்சா வெள்ளணு சவ்வுலயும் சும்மாவே ஒட்டும். அதனால அமீனை சக்சினிக் அன்ஹைட்ரைடு 10 சதவீதம் டி.எம்.எஃப்.ல கார்பாக்சிலா மாத்திடு.

ஆன்டிபாடி ஒட்டுறது ரெண்டு படி. துகள் 1 மில்லிகிராம், 0.1 மோலார் எம்.ஈ.எஸ்., பி.ஹெச். 6. இ.டி.சி. 2 மில்லிமோலார், என்.ஹெச்.எஸ். 5 மில்லிமோலார், 15 நிமிஷம். சட்டுன்னு இறக்கி, பி.பி.எஸ். பி.ஹெச். 7.4ல எடுத்து, ஆன்டிபாடி 50-100 மைக்ரோகிராம், 2 மணி நேரம். கிளைசின் போட்டு நிறுத்து. ஆன்டிபாடி வாங்கும்போது பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்), டிரிஸ், கிளைசின், அசைடு இல்லாததுன்னு பாத்து வாங்கு. பி.எஸ்.ஏ. உள்ளதை வாங்கினா துகள்மேல ஒட்டுறது பெரும்பாலும் பி.எஸ்.ஏ.தான்.

இ.டி.சி. மைனஸ் 20ல இருக்குல்லா, எடுத்த உடனே மூடியைத் திறக்காத. நம்ம ஊர் ரெண்டு மழைக்காலத்துக்கும் ஈரம் அடிக்கிற காத்து. குளிர்ந்த பாட்டில்ல உடனே தண்ணி பூத்து இ.டி.சி. செத்துப் போவும். டெசிகேட்டர்ல வச்சு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திற. அப்படியே கட்டி தட்டியிருந்தா தூக்கிப் போடு. பி.பி.எஸ்.ல ராத்திரி முழுக்க இ.டி.சி.ன்னு எழுதியிருக்க, பி.ஹெச். 7.4ல அது கைகொடுக்காது, பாஸ்ஃபேட்டும் அதைத் தின்னும்.

ஆசாரிப்பள்ளம் ரோடு எழுதியது:

வேளிமலை சார் துகள் பக்கம் எழுதிட்டார். இரத்தம் எடுக்கிற பக்கத்தை யாரும் சொல்லல, பாதித் தவறு அங்கதான் நடக்கும்.

ஊசி தோலைத் துளைக்கும்போது தோலின் எபிதீலியல் செல் சில ஊசியோட வந்துடும். அதுவும் புற்றுசெல் மாதிரியே சைட்டோகெரட்டின் (எபிதீலியல் புரதம்) காட்டும். அதனால முதல் குழாயை வேற சோதனைக்கு விட்டுட்டு ரெண்டாவது ஊதா மூடி இ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாம வைக்கிற பொருள்) குழாயை எடுத்துக்கோங்க. எடுத்ததும் எட்டு பத்து தரம் மெதுவா கவிழ்த்து நிமிர்த்தணும், குலுக்கக் கூடாது. நுண்கட்டி வந்தா புற்றுசெல் அதுக்குள்ள மாட்டி முதல் வடிகட்டலிலேயே போயிடும். ஐஸ்ல வைக்காதீங்க. இ.டி.டி.ஏ. இரத்தத்தை 4 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நாகர்கோவில்ல எடுத்து திருவனந்தபுரத்துக்கு மைக்ரோஸ்கோப் தேடிப் போறதா இருந்தா வண்டி நேரமே பாதியைத் தின்னும். இங்கயே சிவப்பணு உடைச்சு, கழுவி, நிலைநிறுத்தி, ஸ்லைடா எடுத்துட்டுப் போங்க. செல்லைக் காக்கிற பொருள் கலந்த தனிக் குழாய் வாங்கினா 4 நாள் தாங்கும், விலை அதிகம்.

உடைக்கிற பஃபர்: லிட்டருக்கு அமோனியம் குளோரைடு 8.29 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், இ.டி.டி.ஏ. 37 மில்லிகிராம், பி.ஹெச். 7.3 பக்கம். 2 மில்லி இரத்தத்துக்கு 20 மில்லி. புத்தகத்துல 'அறை வெப்பநிலை 10 நிமிஷம்'னா அது 20-25 டிகிரி அறை. ஏப்ரல்ல நம்ம அறை 30-ஐத் தாண்டி நிக்கும். 4-5 நிமிஷத்திலேயே கலங்கல் போய்த் தெளிஞ்ச சிவப்பாகும், உடனே பி.பி.எஸ். நிறைய ஊத்தி நிறுத்துங்க. விட்டா நீங்க போட்ட எம்.சி.எஃப்-7உம் அடிபடும். பிறகு 300 ஜி, 5 நிமிஷம். சென்ட்ரிஃபியூஜ்ல சுற்று எண்ணிக்கைதான் இருக்குன்னா ரோட்டர் ஆரம் 15 சென்டிமீட்டருக்கு அது சுமார் 1,340. '3,000ல ஓட்டு'ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது 1,500 ஜிக்கு மேல.

வரிசை முக்கியம். உடைச்சு, ரெண்டு தரம் கழுவின பிறகுதான் துகள். முழு இரத்தத்துல துகளைப் போட்டா பிளாஸ்மா புரதம் மேலே போர்வை மாதிரி மூடிக்கும், ஆன்டிபாடி உள்ளே புதைஞ்சுடும். கழுவின செல்லை 1 சதவீதம் பி.எஸ்.ஏ., 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. கலந்த பி.பி.எஸ்.ல எடுத்து, எஃப்.சி. ஏற்பி அடைக்கிற பொருள் 10 நிமிஷம் போட்டு, அதுக்கப்புறம் துகள். இல்லாட்டி எந்த ஆன்டிபாடியோட வாலையும் மோனோசைட் பிடிச்சுக்கும். துகளைப் போடும் முன்னாடி சோனிகேட் செய்து 0.45 மைக்ரான்ல வடிங்க. கட்டித் துகள் ஸ்லைடுல பாத்தா செல் மாதிரியே இருக்கும்; உள்ளே டாபி நியூக்ளியஸ் இல்லாத எந்த ஒளிர்வையும் எண்ணாதீங்க.

வெள்ளணுவைக் குறைச்சுட்டுத் தேடுறது இன்னும் புத்திசாலித்தனம். சி.டி.45 (வெள்ளணு மேல உள்ள புரதம்) பிடிக்கிற காந்த மணி போட்டு 99 சதவீதம் நீக்கினா 1.4 கோடி 1.4 லட்சமாகும், ஒரு சைட்டோஸ்பின் (செல்லைச் சுழற்றி ஸ்லைடுல ஒட்டுற கருவி) வட்டத்துல அடங்கும். மிச்ச வெள்ளணுவுக்கு அலெக்சா 555 சாயம் ஒட்டின சி.டி.45 ஆன்டிபாடியைப் போட்டா டிரிட்சி செட்ல தெரியும். டாபி இருக்கணும், எப்கேம் துகள் இருக்கணும், சி.டி.45 இருக்கக் கூடாது: மூணும் ஒத்தாத்தான் ஒண்ணு. அலெக்சா 555 கொஞ்சம் உங்க 590 லாங்பாஸ்லயும் கசியும். ஒவ்வொரு சாயமும் தனித்தனியா போட்ட ஸ்லைடு மூணு கட்டாயம் வேணும், அதை வச்சுத்தான் எல்லையைக் குறிக்கணும். புற்றுசெல் சேர்க்காத இரத்தமும் ஒண்ணு ஓட்டுங்க. அதுல வர்ற எண்ணிக்கைதான் உங்க முறையோட உண்மையான தரம். நிறைய பேர் அதைக் காட்டறதே இல்ல.

பத்து செல் போட்டேன், எட்டு கிடைச்சுது, 80 சதவீதம்னு எழுதாதீங்க. ஹீமோசைட்டோமீட்டர்ல எண்ணி நீர்க்க வச்சு 10 எடுத்தா அது 10 கூட்டல் கழித்தல் 3. 100-க்கு 10. சராசரி 3 செல் இருக்கிற குழாயிலகூட 20-ல ஒரு தரம் ஒண்ணுமே இருக்காது. 10-க்குக் கீழ போகணும்னா மைக்ரோபிப்பெட்டால ஒவ்வொண்ணா எடுத்துப் போடணும்.

கடைசியா கழிவு. இரத்தம் பட்டதை 1 சதவீதம் ஹைப்போகுளோரைட்ல 30 நிமிஷம் ஊற வைக்கிற பழக்கம் நல்லது. ஆனா அமோனியம் குளோரைடு பஃபரோட மேல்நீரை அதுல ஊத்தாதீங்க, குளோரமின் வாயு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும். அதை ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்க.

கடற்கரைத் தெரு எழுதியது:

மணவாளக்குறிச்சி கேள்விக்கு: நடக்காது.

அங்க எடுக்கிறது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட். அருமண் இருக்கிறது மோனசைட்டில. அது பாஸ்ஃபேட், அதுல நிறைய இருக்கிறது சீரியம், லாந்தனம், நியோடிமியம். அப்கன்வெர்ஷன் துகளுக்கு வேண்டிய இட்ரியம், இட்டர்பியம், எர்பியம் மூணும் மோனசைட்டில சொற்பம். போதாததுக்கு தோரியம். மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குக் கீழ வர்ற பொருள். கைவசம் எடுத்து வேதிவேலை பாக்க உரிமம் வேணும். 99.9 சதவீதம் தூய குளோரைடை வாங்குறதுதான் வழி. சிறு அசுத்தம் இருந்தாலும் இந்தத் துகள் மங்கிப் போகும்.

வாங்கின உப்பில செய்யலாம். இட்ரியம் 0.8, இட்டர்பியம் 0.18, எர்பியம் 0.02 மில்லிமோல், ஒலியிக் அமிலம் 6 மில்லி, ஆக்டடெசீன் 15 மில்லி, 160 டிகிரியில கரைச்சு ஆற விட்டு, மெத்தனால் 10 மில்லியில சோடியம் ஹைட்ராக்சைடு 2.5, அமோனியம் ஃப்ளூரைடு 4 மில்லிமோல். மெத்தனாலை முழுசா ஓட்டின பிறகுதான் ஆர்கான்ல 300 டிகிரி, 1 மணி நேரம். மெத்தனால் மிச்சம் இருந்தா பொங்கி அடிக்கும். ஃப்ளூரைடு, அதனால ஃப்யூம் ஹுட் இல்லாம தொடவே கூடாது. வர்ற துகள் எண்ணெய்ப் பசை உள்ளது; பி.ஹெச். 4 அமிலத்துல ஒலியேட்டைக் கழட்டி, பாலிஅக்ரிலிக் அமிலம் போட்டாத்தான் தண்ணிக்கு வரும்.

லாபம் என்னன்னா, 980ல தூண்டி 540, 655ல ஒளிரும். செல் தானா ஒளிர்றது அடியோட இல்லாமப் போகும். நஷ்டம்: 980 லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதுக்குரிய கண்ணாடி இல்லாம ஆன் செய்யாதீங்க. கேமரா முன்னாடி 750 ஷார்ட்பாஸ் வேணும். தண்ணி 980-ஐ உறிஞ்சி சூடாகும். ஒளிர்வு நூற்றுக்கணக்கான மைக்ரோசெகண்ட் இழுக்கும். ஃப்ளோ சைட்டோமீட்டர்ல செல் சில மைக்ரோசெகண்டில கடந்துடும், அங்க பயன்படாது. சாதாரண அகலப்புல மைக்ரோஸ்கோப்புக்குச் சரி. எம்.எஸ்சி. ஆறு மாசத்துக்கு இது வேண்டாத வேலை.

தேரூர்க் குளம் எழுதியது:

நடுவுல ஒரு சந்தேகம். இதை ஊர்ல முகாம் போட்டு எல்லாருக்கும் புற்றுநோய் சோதனையா செய்யலாமா?

ஆசாரிப்பள்ளம் ரோடு எழுதியது:

செய்ய முடியாதுங்க. இப்படிச் செல் இரத்தத்துல உண்டுன்னு ஆஷ்வொர்த் 1869லேயே எழுதிட்டார், ஆனா எண்ணிக்கை அவ்வளவு குறைவு. அமெரிக்காவுல 2004ல அனுமதி கிடைச்ச செல்சர்ச் முறை 7.5 மில்லி இரத்தத்துல எப்கேம் காந்தத் துகளால பிடிச்சு எண்ணுது. பரவின மார்பகப் புற்றுல 5 அல்லது அதுக்கு மேல இருந்தா போக்கு மோசம்னு கணக்கு. குடல் புற்றுக்கு அது 3. ஏற்கெனவே நோய் தெரிஞ்சவங்களுக்கு அடுத்து என்னன்னு பாக்கத்தான் அது. ஆரம்ப நிலையில 7.5 மில்லியில ஒண்ணுகூட இல்லாம இருக்கிறது சாதாரணம். 'ஒண்ணும் இல்ல'ன்னு வந்த தாளை வச்சுக்கிட்டு கட்டியைக் கவனிக்காம விட்டுடுவாங்க, அதுதான் ஆபத்து. கட்டி இருந்தா மேமோகிராம், ஊசிச் சோதனை, அதுதான்.

நாரோயில் நானோ எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. டாபி போடாத ஸ்லைடு, டாட் போடாத ஸ்லைடு ரெண்டையும் இன்னைக்கு ஓட்டினேன். டாட் போடாததுலயே டாபி ஃபில்டர்ல எல்லாம் நீலம். டாபி போடாததுல மோனோசைட் மாதிரி பெரிய செல் மட்டும் புள்ளி புள்ளியா உள்ளுக்குள்ள நீலம். ருத்தீனியம் சிலிக்காவுக்கு மாறுறேன். ஒரு கேள்வி: எப்கேம் குறைஞ்ச செல்லும் எடுக்கணுமா?

வேளிமலை எழுதியது:

அந்த உள்புள்ளிதான் விழுங்கின டாட். எடு மக்கா, எம்.டி.ஏ.-எம்.பி.-231 (எப்கேம் குறைஞ்ச மார்பகப் புற்று செல்) ஒண்ணு போதும். புற்றுசெல் இரத்தத்துக்குள்ள இறங்கும்போது எபிதீலியல் குணத்தை விட்டா எப்கேமும் இறங்கிடும். அந்தச் செல்லை உன் துகள் எவ்வளவு தவற விடுதுன்னு எண் போட்டு எழுது. அதோட எம்.சி.எஃப்-7ல ஒரு அடைப்புச் சோதனை: ஒட்டாத எப்கேம் ஆன்டிபாடியை பத்து மடங்கு முன்னாடியே போட்டு, பிறகு துகள். ஒளிர்வு விழலேன்னா ஒட்டுறது ஆன்டிபாடி இல்ல, துகளோட தோலு. முதல் தொகுப்புல இதைச் செஞ்சுட்டு இரத்தத்தைத் தொடு. ஃபில்டர் வாங்கும்போது விட்டம் 25 மில்லிமீட்டரான்னு உன் கியூபை அளந்து பாத்துக்கோ, பழைய மைக்ரோஸ்கோப்ல வேற அளவும் உண்டு.